மாவுக்கட்டு வந்த வழி

போன வருஷம் மாமாவுக்குச் செருப்பு வாங்கப் போன இடத்தில் காதில் விழுந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் குறிப்புக்குக் காரணம்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். முதலியார்பேட்டைக்காரர். ரோடியர் மில்லில் (ஆவணங்களில் ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை) தறி ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபது வருஷத்துக்கும் மேலாகச் சர்க்கரை. டாக்டர் சீட்டில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று எழுதியிருந்தார். கடைக்காரர் பெட்டியைத் திறந்து ஒரு ஜோடியை வைத்தார். கனமான அடி, அதன்மேல் மெத்தென்ற கறுப்பு ரப்பர், பின்னங்காலில் ஒரு வார். மாமா அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

“இது குஷ்டக்காரங்க போடறது ஆச்சே, மாப்ள. எனக்கு எதுக்கு இது?”

கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. “அதெல்லாம் இல்லீங்க ஐயா, இது சுகர் செருப்பு” என்று சமாதானம் சொன்னார். நானும் அதையே சொன்னேன். சின்ன வயதில் கோயில் வாசலிலும் மாதா கோயில் படிக்கட்டிலும் துணி சுற்றிய காலோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் இதே செருப்பைப் பார்த்ததாக மாமா அடித்துச் சொன்னார். ஏதோ வயசான காலத்து ஞாபகக் குழப்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, மாமா சொன்னது சரி. கடைக்காரரும் நானும் சொன்னதுதான் பாதிப் பொய். (அந்தச் சொல்லை இப்போது யாரும் சொல்லக் கூடாது, தொழுநோயாளர் என்பதே மரியாதை. மாமா சொன்னதை மாற்றினால் கதையே மாறிவிடும் என்பதால் அப்படியே விட்டேன்.) செருப்பு மட்டும் இல்லை. அவர் காலைக் காப்பாற்றிய மாவுக்கட்டும், அதற்கு முன்னால் பாதத்தில் குத்திப் பார்த்த நைலான் இழையும் அந்த ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்கின்றன.

முதலில் புண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வலது கால் பெருவிரலுக்கு நேர் கீழே, பாதத்தின் சதைப்பற்றான மேட்டில் ஒரு காய்ப்பு. ‘கால் ஆணி’ என்று பிளேடால் சீவிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் வெள்ளை வேட்டியில் கறை. பார்த்தால் காய்ப்புக்கு நடுவே ஐம்பது பைசா அளவுக்கு ஒரு குழி. வலி? துளியும் இல்லை. வலி இல்லாததால் பயமும் இல்லை. மாமி மத்தன் தைலம் போட்டார். ஊமத்தை இலைச்சாறும் தேங்காயெண்ணெயும் துருசும் சேர்த்துக் காய்ச்சுவது, பச்சை எண்ணெய் என்றும் சொல்வார்கள். பிறகு ஒரு கிளினிக். (பெயர் வேண்டாம்.) அங்கே எட்டு மாதம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங். களிம்புகள் மாறின, ஊசிகள் மாறின, பில் ஏறிக்கொண்டே போனது. புண் மட்டும் அதே ஐம்பது பைசா. “சுகர் உடம்பு, ஆறாது. பரவினா விரலை எடுத்துடலாம்” என்றார்கள்.

அந்த எட்டு மாதமும் மாமா டிரெஸ்ஸிங்குக்கு எப்படிப் போனார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். சைக்கிளில் போனார். சைக்கிள் பெடலைப் பாதத்தின் எந்த இடத்தால் மிதிக்கிறோம் என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். புண் சரியாக அங்கேதான் இருந்தது. புதுக் கட்டோடு வீடு வந்து சேர்வதற்குள் உள்ளே முளைத்த புதுச் சதை நசுங்கிப் போயிருக்கும்.

இந்தப் புண்ணுக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு. எனக்கு அது தெரியவந்தது எங்கள் தெருவில் உள்ள ஒரு சொல்தா குடும்பத்தால். (வெளியூர் வாசகர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம்.) பிரான்ஸிலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் மருத்துவ அறிக்கையை எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் படித்துக் காட்டியபோது, ‘மால் பெர்ஃபோரான் பிளான்தேர்’ என்று இருந்தது. உள்ளங்காலைத் துளைக்கும் நோய். அட, மாமாவின் புண்ணேதான்.

1852இல் பாரிஸில் ஒகுஸ்த் நெலாத்தோன் என்ற அறுவை மருத்துவர் இதை விவரித்து எழுதினார். 1864இல் மார்ஷல் தெ கால்வி நீரிழிவுக்கும் நரம்புக் கேட்டுக்கும் தொடர்பு உண்டு என்றார். 1873இல் துய்ப்லே, மொரா என்ற இருவர், புண்ணுக்கு மூலம் நரம்பு செத்துப்போவதுதான் என்றனர். 1823இலேயே பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளி உள்ள ஊர் எங்களுடையது. அதுதான் 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மர் ஆனது. அந்தப் பழைய பள்ளியின் வகுப்பறையில் இந்தச் சொல் ஒலித்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். ஆதாரம் கேட்காதீர்கள்.

சிகிச்சையை ஒழுங்காகச் சொன்னவர் ஆங்கிலேயர். லண்டனில் ஃபிரெடெரிக் ட்ரீவ்ஸ், ‘யானை மனிதர்’ என்று அறியப்பட்ட ஜோசப் மெரிக்கைப் பராமரித்த அதே ட்ரீவ்ஸ், 1884இல் எழுதினார்: சுற்றியுள்ள காய்ப்பை முழுக்கச் செதுக்கி எடு, காலில் பாரம் விழாமல் ஓய்வு கொடு, ஆறியபின் எப்படிப்பட்ட காலணி போட வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லிக்கொடு. இன்றைய பாதப் புண் கிளினிக்குகள் செய்வதன் அடிப்படையும் இதுதான். மூன்று வருஷம் கழித்து, 1887இல், டேவிஸ் ப்ரைஸ் என்பவர் சர்க்கரை நோயாளி ஒருவரின் இரண்டு பாதங்களிலும் இதே புண்ணைப் பார்த்து எழுதினார்.

ஆக, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் ஓய்வு என்பது படுக்கை. மாதக்கணக்கில் படுத்துக்கிடக்க யாரால் முடியும்? வசதி உள்ளவனால் முடியும். தறி ஓட்டுகிறவனால் முடியாது. படுத்தால் புண் ஆறும், எழுந்து வேலைக்குப் போனால் திரும்ப வரும். எனவே ‘இது ஆறாத புண்’ என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் பாரிஸிலோ லண்டனிலோ இல்லை. 1930களில், தெற்காசியாவின் தொழுநோய் சிகிச்சையில் இருந்த இரண்டு பேர். ஒருவர் கொழும்பில் மில்ராய் பால், இலங்கைத் தமிழர், பிற்பாடு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் அறுவை மருத்துவப் பேராசிரியர். அவர் தந்தை எஸ்.சி. பாலும் பேர்பெற்ற அறுவை மருத்துவர். இன்னொருவர் இந்தியாவில் ஜோசப் கான். ‘லெப்ரசி இன் இந்தியா’ என்ற இதழில் 1939இல் இதைப் பற்றி எழுதினார். தொழுநோயும் காலின் உணர்வு நரம்பைத்தான் தின்கிறது. அதனால் அதே இடம், அதே குழி, அதே வலியில்லாத புண். இவர்கள் எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டை எடுத்து, புண் உள்ள பாதத்தையும் கணுக்காலையும் சேர்த்து முழங்காலுக்குக் கீழ் வரை ஒட்டிப் போட்டார்கள். போட்டுவிட்டு, நட என்றார்கள்.

கேட்டால் பைத்தியக்காரத்தனம் போலத்தான் இருக்கும். புண்ணை மூடி, காற்றுப் படாமல், தினமும் பார்க்காமல், அதன்மேல் நடக்கவும் விடுவதா? கணக்கு எளிது. சாதாரணமாக நடக்கும்போது உடம்பு எடை முழுக்க ஒவ்வொரு அடியிலும் பெருவிரல் மேட்டில் ஒரு காசளவு இடத்தில் வந்து குவிகிறது. கட்டு பாதத்தின் வளைவுகளோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் அந்த எடை உள்ளங்கால் முழுக்கப் பரவுகிறது, ஒரு பங்கு கெண்டைக்காலின் சுவருக்கும் போய்விடுகிறது. கணுக்கால் மடங்காததால் எட்டு சின்னதாகிறது, முன்பாதத்தால் உந்த முடியாது. நோயாளி சோறு தேடப் போகலாம். புண்ணுக்கு மட்டும் படுக்கை ஓய்வு. படுக்கை இல்லாத ஆஸ்பத்திரிகளுக்கும், ஓய்வெடுக்க வழியில்லாத நோயாளிகளுக்கும் தேவைப்பட்ட சிகிச்சை. பெரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அந்த நெருக்கடி இல்லை.

இதற்குப் பிறகு வருபவர் பால் பிராண்ட். பல கட்டுரைகளில் கதையே அவரிடம்தான் ஆரம்பிக்கிறது. மில்ராய் பால் ஒரு அடிக்குறிப்பு, ஜோசப் கானுக்கு அதுவும் இல்லை. அது நியாயம் இல்லை என்பது என் எண்ணம். ஆனாலும் பிராண்டைத் தாண்டிப் போக முடியாது. 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்து 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறு வருஷம் செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, நோயாளி ஒருவரிடம் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். மடங்கிப்போன விரல்கள்; பிடியோ இரும்பு. வலித்துக் கத்திவிட்டாராம். நோய் தின்றுபோட்டதாக எல்லோரும் நினைத்த கையில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில்தான் அவருடைய வாழ்நாள் வேலை தொடங்கியது.

அந்தக் காலத்தில் தொழுநோய்ச் சதை ‘கெட்ட சதை’, ஆறாது என்பது மருத்துவர்களிடமே இருந்த நம்பிக்கை. பிராண்ட் அதை நம்பாமல் கண்காணித்தார். வேலூரில் நவ ஜீவ நிலையம் என்ற குடியிருப்பில் இருந்த இளைஞர்களின் கைகால்களைத் தினமும் பரிசோதித்து, ஒவ்வொரு காயமும் எங்கிருந்து வந்தது என்று போலீஸ் விசாரணை மாதிரி தேடினார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தன்னால் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு வரை கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. இரவில் சிலருக்கு விரல் துண்டே காணாமல் போனது. விழித்திருந்து பார்த்ததில், எலி. தூங்குகிறவர்களுக்கு வலி இல்லாததால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள்.

அவர் கண்டது இதுதான். சதையில் கோளாறு இல்லை. மாவுக்கட்டுக்குள் ஓய்வு கொடுத்தால் தொழுநோயாளரின் புண்ணும் மற்றவர்களுடையதைப் போல ஆறுகிறது. இல்லாமல் போனது வலி மட்டுமே. நமக்குக் காலில் முள் குத்தினால் நொண்டுகிறோம். அந்த நொண்டல்தான் வைத்தியம். நொண்டத் தெரியாத கால் தன்னைத்தானே அரைத்துக்கொள்கிறது.

ஆறிய புண் மறுபடி வராமல் இருக்கச் செருப்பு வேண்டும். மரம், மெழுகு, பிளாஸ்டிக் என்று பலதையும் முயன்று பார்த்துக் கடைசியில் நுண்துளைகள் உள்ள மெத்தென்ற ரப்பருக்கு வந்தார்கள். மைக்ரோ செல்லுலார் ரப்பர், சுருக்கி எம்.சி.ஆர். கீழே முள் ஏறாத கெட்டி அடி, மேலே எம்.சி.ஆர்., ஆணி ஒன்றுகூட அடிக்கக் கூடாது, உணர்வில்லாத காலிலிருந்து கழன்று போகாமலிருக்கப் பின்வார். வேலூரிலும், 1955இல் அதற்குப் பக்கத்தில் கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் வளர்ந்து தென்னிந்தியா எங்கும் போனது. செருப்பு நன்றாக வேலை செய்தது. அதன் தோற்றமே போட்டவரைக் காட்டிக்கொடுத்தது என்பதால், வாங்கியும் போடாமல் மறைத்து வைத்தவர்கள் ஏராளம். மாமா பையனாக இருந்தபோது கண்டது அந்தச் செருப்பைத்தான்.

1966இல் பிராண்ட் அமெரிக்கா போனார். நம்மைப் போலவே ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், கார்வில் என்ற ஊரில் 1894 முதல் இருந்த தொழுநோய் மருத்துவமனை. மாவுக்கட்டு அவரோடு போனது. அங்கே அவரும் சகாக்களும் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். வேலூரில் பார்த்த அதே புண். அங்கேயும் அதே பேச்சு, சர்க்கரை உடம்பு ஆறாது என்று. ‘தொழுநோய்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘சுகர்’ என்று போட்டால் போதும், வாக்கியம் மாறாது.

1989இல் வெளியான ஓர் ஆய்வு, சர்க்கரை நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தது. மாவுக்கட்டு போட்ட 21 புண்களில் 19 ஆறின, சராசரி 42 நாளில். வழக்கமான டிரெஸ்ஸிங் செய்த 19இல் ஆறியது 6 மட்டும். இன்னொரு ஆய்வு (2003) எனக்கு இன்னும் பிடித்தது. கழற்றி மாட்டக்கூடிய பாதுகாப்புக் காலணி கொடுத்து, நோயாளி நடக்கும் எட்டுகளைக் கருவி வைத்து எண்ணினார்கள். மொத்த எட்டுகளில் சுமார் 28 சதவீதத்தில்தான் அதைப் போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் வந்ததும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மாவுக்கட்டின் பெரிய நற்குணம் அதைக் கழற்ற முடியாது என்பது. எம்.சி.ஆர். செருப்பு கழற்றக்கூடியது, அதன் பாடு தனி.

பாதத்தில் குத்திப் பார்க்கும் பத்து கிராம் நைலான் இழைக்கும் ஊர் கார்வில்தான். எந்த அளவு அழுத்தம் தெரியாமல் போனால் கால் ஆபத்தில் இருக்கிறது என்பதை அங்கே வேலை செய்தவர்கள் 1986இல் வரையறுத்து, ‘லெப்ரசி ரிவ்யூ’ இதழில் எழுதினார்கள்.

மாமாவின் கதைக்கு வருகிறேன். தெரிந்தவர் சொல்லி, நாள்பட்ட புண்களை மட்டும் பார்க்கும் ஒரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா புண்ணைப் பார்ப்பதற்கு முன் பழைய செருப்பைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தார். பெருவிரல் இடத்தில் தேய்ந்து பள்ளம். “எதுல வந்தீங்கய்யா?” என்றார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி. அப்புறம் கண்ணை மூடச் சொல்லி அந்த இழையால் தொட்டு, “தெரியுதா? இப்போ?” என்று கேட்டுக்கொண்டே போனார். மாமா பதில் சொல்லாமல் காத்திருந்தார், இன்னும் தொடவே ஆரம்பிக்கவில்லை என்று. ஏழு இடம் தொட்டாகிவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய காலைப் பற்றி எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது அப்போதுதான்.

எல்லாப் புண்ணுக்கும் மாவுக்கட்டு ஆகாது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் போடக் கூடாது, சீழ் பிடித்து உள்ளே பரவியிருந்தாலும் கூடாது. கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்த்தார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் சும்மா இல்லை. அதிகமாக இருந்தால் கிருமியோடு சண்டை போடும் சக்தி குறையும். எல்லாம் சரி என்றான பின் காய்ப்பைச் சுற்றிலும் செதுக்கி, செத்த சதையைச் சுரண்டி எடுத்து, மாவுக்கட்டு. மாமிதான் ரொம்பப் பதறினார். “புண்ணைப் போய் மூடி வெக்கறாங்களே, புழு வெச்சிடாதா?” முதல் கட்டைச் சில நாளிலேயே பிரித்துப் பார்த்தார்கள், பிறகு வாரத்துக்கு ஒன்று. மூன்றாவது கட்டைப் பிரித்தபோது ஐம்பது பைசா இருபத்தைந்து பைசா ஆகியிருந்தது. ஒன்பதாவது வாரத்தில் மூடிக்கொண்டது. சைக்கிளை அதற்குள் நான் விற்றுவிட்டேன். அதற்கு மாமா இன்னும் என்னைத் திட்டுகிறார்.

2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாடு முழுவதும் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. புதுச்சேரியில் 26.3. கோவாவுக்கு (26.4) அடுத்து நாம்தான். தெருவுக்கு எத்தனை கால் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு கால் உள்ள ஊரில் மாவுக்கட்டு போடத் தெரிந்த இடங்களை நான் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. களிம்புக்கு விளம்பரம் உண்டு, கட்டுக்கு இல்லை. அது கைவேலை, நேரம் பிடிக்கும், தப்பாகப் போட்டால் கட்டே புதுப் புண்ணை உண்டாக்கும், விற்பதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தொழுநோய் வார்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிவரும்போது அந்தக் கை பழகியவர்களும் ஓய்வு பெற்றுப் போகிறார்கள்.

படித்ததை எல்லாம் ஒரு நாள் மாமாவிடம் சொன்னேன். கொல்லிமலை, வேலூர், எலி, பூனை எல்லாம். பூனை விஷயத்தில் சிரித்தார். பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

“அப்ப நான் சொன்னது சரிதானே, அவங்க செருப்புதானே அது?”

“ஆமா மாமா. அவங்களுக்குச் செஞ்சதுதான்.”

“கோயில் வாசல்ல ஒருத்தர் இருப்பாரு. செருப்பைப் பக்கத்துல தொடச்சி வெச்சிருப்பாரு, போட மாட்டாரு. நாங்க பசங்க அதைத் தூக்கிட்டு ஓடுவோம்.”

அவ்வளவுதான் சொன்னார். இப்போது இரண்டு ஜோடி வைத்திருக்கிறார், வெளியே போக ஒன்று, வீட்டுக்குள் ஒன்று. வீட்டுக்குள் செருப்பா என்று மாமிக்குத் தினமும் சண்டை. பூஜை அறை வாசலில் மட்டும் கழற்றி வைக்கிறார், அங்கே தரையில் ஒரு பழைய கம்பளியை நாலாக மடித்துப் போட்டிருக்கிறார்கள்.